திரையில் எழும் பண்டை நகரம்

(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

நகரைக் காண வருவோர் அதன் மாடங்களையும் கோபுரங்களையும் முதலில் காண்கின்றனர். நகரைக் காக்கும் பொறுப்புடையோர் தானியத்தையும் தண்ணீரையும் வழிகளையும் எண்ணுகின்றனர். பண்டை நாகரிகங்களைக் களமாகக் கொண்ட நகரமைப்புக் கணினி விளையாட்டுகள், ஆடுபவரை இரண்டாம் வகையினரின் இடத்தில் அமர்த்துகின்றன. அவ்விளையாட்டுகள் கற்பிப்பது எது, கற்பிக்கத் தவறுவது எது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

வகுப்பறையில் பிறந்த ஆட்டம்

பண்டை நகரை ஆளும் கணினி விளையாட்டு முதன்முதலில் தோன்றியது கடைவீதியில் அன்று, பள்ளிக்கூடத்தில்தான். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேபல் அடிஸ் என்னும் பள்ளி ஆசிரியை, ஐபிஎம் நிறுவனத்தாருடன் இணைந்து 'சுமேரிய விளையாட்டு' என்னும் பாட ஆட்டத்தை உருவாக்கத் தொடங்கினார். ஆறாம் வகுப்பு மாணவர்களே அதை ஆடினர். அவர்கள்முன் கணினித் திரை இல்லை. தொலைவிலிருந்த கணினியோடு இணைக்கப்பட்ட தட்டச்சுப் பொறி ஒன்று இருந்தது. மெசப்பொத்தேமியாவின் லகாசு நகரை ஆளும் மன்னனாக மாணவர் தம்மைக் கருதிக்கொள்ள வேண்டும். அறுவடையான தானியத்தில் மக்கள் உண்பதற்கு எவ்வளவு, விதைப்பதற்கு எவ்வளவு, சேமிப்பதற்கு எவ்வளவு என்று தட்டச்சு செய்ய வேண்டும். அம்முடிவின் விளைவைப் பொறி தாளில் அச்சிட்டுக் காட்டும்.

இவ்வாட்டத்தைப் பற்றிக் கேள்வியுற்ற டக் டைமென்ட் என்பவர் 1968இல் அதைச் சுருக்கி எழுதினார். டேவிட் ஆல் என்பவர் அதை 'பேசிக்' மொழியில் மாற்றி, 1973இல் வெளியிட்ட தம் நூலில் சேர்த்தார். 'ஹமுராபி' என்னும் பெயரில் அது பரவியது. இவ்வாட்டத்தின் தொடக்கக் கணக்கு எளியது. நகரில் 100 மக்கள் உள்ளனர். விளைநிலம் 1000 ஏக்கர். களஞ்சியத்தில் 2800 புஷல் தானியம் உண்டு. புஷல் என்பது ஏறத்தாழ 35 லிட்டர் கொண்ட முகத்தலளவை. ஒருவர் ஓராண்டு உயிர்வாழ 20 புஷல் தேவை. ஓர் ஏக்கரில் விதைக்க அரைப் புஷல் தேவை.

அனைவருக்கும் உணவளிக்க 2000 புஷல் செலவாகும். நிலம் முழுவதையும் விதைக்க ஏறத்தாழ 500 புஷல் செலவாகும். எஞ்சுவது 300. இதுவரை மன்னனின் கணக்கில் பிழையில்லை. ஆயினும் விளைச்சல் மன்னன் கையில் இல்லை. ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை எதுவும் விளையலாம். அதைக் கணினியே முடிவுசெய்யும். 3 புஷல் விளைந்தால் களஞ்சியம் 3300 ஆகி நிமிரும். 1 புஷல் மட்டும் விளைந்தால் மொத்தம் 1300தான் இருக்கும். அது 65 பேருக்கே போதும். எலிகள் தின்றால் அதுவும் குறையும். நிலத்தை விற்றுத் தானியம் பெறலாம். ஆனால் அடுத்த ஆண்டு விதைக்க நிலம் குறையும்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஓராண்டில் மக்களுள் 45 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பட்டினியால் மடிந்தால்தான் மன்னன் பதவி இழப்பான் என்பது ஆட்டத்தின் விதி. எனவே நூற்றுவருள் 35 பேர் மடிந்தாலும் அரியணை அசையாது. இவ்வெல்லையை இயற்கை வகுக்கவில்லை, வரலாறும் வகுக்கவில்லை. ஆட்டத்தை எழுதியவரே வகுத்தார். எத்தனை உயிர் போனால் ஆட்சி தவறிற்று என்னும் கேள்விக்கு அவர் அளித்த விடை, நிரலின் ஒரு வரியாக அங்கே நிற்கிறது. விளையாட்டின் விதி ஒவ்வொன்றும் ஒருவருடைய கருத்தே என்பதை இது உணர்த்துகிறது.

வீதிகளில் நடப்போர்

1989இல் வில் ரைட் வடிவமைத்த 'சிம்சிட்டி' வெளிவந்தது. அது தற்கால நகரை அமைக்கும் ஆட்டம். அதே முறையைப் பண்டை உரோமுக்குப் பொருத்தி இம்பிரஷன்ஸ் நிறுவனம் 1992இல் 'சீசர்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் மூன்றாம் பகுதி 1998இலும், எகிப்தைக் களமாகக் கொண்ட 'பாரோ' 1999இலும், சீனத்தைக் களமாகக் கொண்ட 'எம்பரர்' 2002இலும் தொடர்ந்து வந்தன. 'பாரோ' 2023இல் புதிய வடிவில் மீண்டும் வெளிவந்தது.

சீசர் மூன்றாம் பகுதியில் ஆடுபவர் வீடுகளுக்கு உரிய மனைகளை மட்டுமே ஒதுக்க முடியும். குடியேறுவோர் முதலில் கூடாரம் அடிப்பர். தண்ணீரும் உணவும் கிடைத்தால் கூடாரம் குடிசையாகும், பிற வசதிகளும் கூடினால் குடிசை வீடாகும், வீடு மாளிகையாகும். வசதிகள் தாமாக வந்து சேர்வதில்லை. கடையில் பணிபுரியும் பெண் களஞ்சியத்திலிருந்து உணவைக் கொண்டுவந்து தெருத்தெருவாக வழங்க வேண்டும். பொறியாளர் கட்டடங்களைச் சோதித்தவாறு நடக்க வேண்டும். அவர் வராத தெருவில் கட்டடம் இடிந்து விழும். காவலர் வராத தெருவில் தீப்பற்றும். இவர்கள் நாற்சந்தியை அடைந்தால் எத்திசையில் திரும்புவர் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே தேவையின்றி வகுத்த ஒரு குறுக்குத்தெரு, பெரியதொரு குடியிருப்பைப் பட்டினி போட்டுவிடும். உணவு களஞ்சியத்தில் நிறைந்திருக்கும், உண்பவரை அடையாது.

பொருள் இருத்தல் வேறு, அது உரியவரைச் சென்றடைதல் வேறு என்பது நகராட்சியின் முதற்பாடம். அதை நூல்வழி கற்பதைவிட, தான் அமைத்த தெரு வெறிச்சோடுவதைக் கண்டு கற்பவர் எளிதில் மறவார்.

பாரோ ஆட்டத்தில் நைல் ஆறே முதன்மை பெறுகிறது. ஆற்றங்கரை வயல்கள் ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும். வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டலே அவற்றின் உரம். வெள்ளம் குறைந்தால் அவ்வாண்டு விளைச்சலும் குறையும். வயலில் உழைப்போரே பிரமிடு எழுப்பும் பணிக்கும் வேண்டப்படுவர். உழவுக்கு ஆள் போதாமல் பிரமிடு எழுப்பிய நகரம், பிரமிடு முடிவதற்குள் பசியால் தளரும்.

தெரிந்து தெளிவோம்

பண்டை நகரங்களிலும் மக்கள் ஆடிக் களித்தனர். சிவகங்கை மாவட்டம் கீழடியில் செங்கல் கட்டடங்களோடும் உறைகிணறுகளோடும் பகடைக் காய்கள், ஆட்டக் காய்கள், வட்டச்சில்லுகள் முதலியனவும் கிடைத்துள்ளன. அன்று நகரத்துக்குள் விளையாட்டு இருந்தது. இன்று விளையாட்டுக்குள் நகரம் இருக்கிறது.

மண் சொல்லும் நகரம்

விளையாட்டில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் பெயருண்டு. களஞ்சியத்தைத் தொட்டால் அதில் உள்ள தானியத்தின் அளவு தெரியும். அகழாய்வாளருக்கு அவ்வசதி இல்லை. மொகஞ்சதாரோவில் அகன்ற அடித்தளம் ஒன்று வெளிப்பட்டபோது அது பெருங்களஞ்சியம் எனப் பெயரிடப்பட்டது. ஆனால் அங்கே தானியம் சேமித்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆதலால் அப்பெயர் பொருந்துமா என்று பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர்.

மறுபுறம், ஐயத்திற்கு இடமின்றித் தெரிவனவும் உண்டு. மொகஞ்சதாரோவில் 700க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். வீடுகளின் கழிவுநீர் தெருவோரச் செங்கல் வடிகால்களில் சேர்ந்தது. செங்கற்கள் உயரம், அகலம், நீளம் ஆகியன 1:2:4 என்னும் விகிதத்தில் அமைய வார்க்கப்பட்டன. மழை அரிதான குஜராத்தின் தோலாவிராவில் மக்கள் பெரிய நீர்த்தேக்கங்களை வெட்டினர். அந்நகரம் 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்நகரங்களில் இதுவரை ஐயமற அரண்மனை என்று சொல்லத்தக்க கட்டடம் கண்டறியப்படவில்லை. எகிப்தில் உள்ளவை போன்ற அரச கல்லறைகளும் கிடைக்கவில்லை. இத்தகைய நகரத்தைக் கணினி விளையாட்டாக்க முனைவோர்க்கு இடர் ஒன்று எழும். ஆடுபவரை எங்கே அமர்த்துவது? இவ்வகை ஆட்டங்கள் மேலிருந்து நோக்கும் ஓர் ஆட்சியாளர் உண்டெனக் கொண்டே தொடங்குகின்றன. சிந்துவெளி நகரங்களை ஆண்டவர் ஒருவரா, பலரா, வணிகரா, பூசகரா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. விடை தெரியாத இடத்தில் அகழாய்வாளர் காத்திருக்கலாம். விளையாட்டு காத்திருக்க இயலாது. ஏதேனும் ஒரு விடையை விதியாக்கியே தீரும்.

முசிறியை அமைப்பது எப்படி?

தமிழர் வரலாறும் கணினி விளையாட்டுகளில் இடம்பெற்றுள்ளது. 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' ஆட்டத்தின் இரண்டாம் பகுதிக்கு 2022இல் வந்த விரிவாக்கத்தில் இராசேந்திர சோழரின் படையெடுப்புகள் உள்ளன. 2025இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் பகுதியில் சோழர் ஒரு நாகரிகத்தினராக உள்ளனர். ஆயினும் இவை போரையும் பேரரசையும் முன்னிறுத்துபவை. தெருவும் கிணறும் அங்காடியுமாக ஒரு நகரைப் படிப்படியாக எழுப்புவது வேறுவகை ஆட்டம்.

அவ்வகைக்கு ஏற்ற நகரம் தொலைவில் இல்லை. தோப்பும்படியிலிருந்து வடக்கே, வடக்குப் பரவூருக்கு அருகில் பட்டணம் என்னும் சிற்றூர் உள்ளது. கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தினர் 2007 முதல் அங்கே அகழாய்வு நிகழ்த்தினர். உரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகள், மணிகள், மிளகு, செங்கல்லால் அமைந்த படகுத்துறை, தோணி கட்டும் மரமுளைகள், ஆஞ்சிலி மரத்தைக் குடைந்து செய்த ஏறத்தாழ 6 மீட்டர் நீளத் தோணி ஆகியன வெளிப்பட்டன. சங்க இலக்கியம் போற்றும் முசிறித் துறைமுகம் இதுவாகவே இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

யவனரின் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து கறி எனப்பட்ட மிளகைப் பெற்றுச் சென்ற செய்தியை அகநானூறு தருகிறது. புறநானூறு இன்னும் நுணுக்கமான செய்தியைத் தருகிறது: கலங்கள் கொணர்ந்த பொன்னைத் தோணிகளே கரை சேர்த்தன. வியன்னாவில் காக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு முசிறி வணிகம் குறித்த கடன் ஒப்பந்தத்தைக் கூறுகிறது. 'ஹெர்மப்போலன்' என்னும் கப்பலில் ஏற்றப்பட்ட சடாமாஞ்சி, தந்தம் ஆகியவற்றின் கணக்கும் அதில் உள்ளது.

இச்சான்றுகளைக் கொண்டு முசிறியை ஆட்டமாக்க எண்ணினால், முதலில் எழுவது அரண்மனையாக இருக்க வேண்டியதில்லை. கடற்கலத்துக்கும் கரைக்கும் இடையே காயல் உள்ளது. அவ்விடைவெளியைத் தோணி வலிப்போர் கடக்க வேண்டும். மிளகுப் பொதிகள் மலையிலிருந்து ஆற்றுவழியே வந்து சேர வேண்டும். பருவக்காற்றோடு வரும் கலங்கள், காற்றுத் திரும்புவதற்குள் சரக்கேற்றிப் புறப்பட வேண்டும். ஒரு கண்ணி தளர்ந்தால் அவ்வாண்டு வணிகம் தளரும். சீசர் ஆட்டத்தில் கடைப்பெண் நடந்தால்தான் வீதி வாழும். முசிறியிலோ தோணிக்காரர் துடுப்பை எடுத்தால்தான் துறைமுகம் வாழும். பாப்பிரஸ் ஏடு கப்பலின் பெயரைக் கூறுகிறது. தோணி வலித்தவரின் பெயரைக் கூறவில்லை. பட்டணத்து மண்ணில் அவருடைய தோணி மட்டும் கிடைத்தது.

மீண்டும் தொடங்க இயலாத ஆட்டம்

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்ப் பகுதியின் துறை தூர்ந்து, கொச்சியின் துறை திறந்தது என்பது பரவலாக வழங்கும் கருத்து. பின்னர் 1920இல் கொச்சிக்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் துறைமுகப் பொறியாளர், துறைவாயிலை அடைத்திருந்த மணல்திட்டை அகழ்ந்து பெருங்கப்பல்கள் காயலுக்குள் நுழைய வழி செய்தார். காயலிலிருந்து அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டு உருவாக்கப்பட்டதே வில்லிங்டன் தீவு. தோப்பும்படியிலிருந்து பாலம் கடந்தால் அத்தீவை அடையலாம். திரையில் நிலம் உயர்த்துவது போன்ற செயல் இங்கே உண்மையில் நிகழ்ந்தது. ஆனால் அதற்கு ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நாள்தோறும் ஒரு நகரத்தின் இயக்கம் விளங்குகிறது. படகு கரை சேர்ந்தால் மட்டும் போதாது. பனிக்கட்டி வேண்டும், ஏலம் கூறுவோர், சுமை இறக்குவோர், ஊர்தி ஓட்டுவோர், தெருக்களில் மீன் விற்போர் ஆகிய அனைவரும் வேண்டும். பனிக்கட்டி வரத் தாமதித்தால் நிறைந்த படகும் இழப்பையே தரும். மேற்குக் கொச்சியின் தாழ்நிலங்களில் மழை பொழியும் வேளையில் கடலேற்றமும் சேர்ந்தால், கால்வாய் நீர் வடிய வழியின்றித் தெருவில் நிற்கும். இவ்வூரை ஆட்டமாக அமைப்பவர் வடிகாலை மட்டும் வரைந்தால் போதாது. கடல் ஏறி இறங்கும் நேரத்தையும் விதியாக எழுத வேண்டும்.

விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கேதான் புலப்படும். விளையாட்டில் தவறாக அமைந்த குடியிருப்பை ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம். அங்கிருந்தோர் எங்கே சென்றனர் என்று ஆட்டம் கேட்பதில்லை. சேமித்து வைத்த நிலைக்குத் திரும்பி மீண்டும் தொடங்கலாம். வாழும் நகரத்தில் அவ்வாறு திரும்ப வழியில்லை. ஒரு தெருவை நகர்த்தினால் ஒருவரின் கடை நகர்கிறது. ஒரு கால்வாயை மூடினால் மற்றொருவரின் வீட்டில் நீர் புகுகிறது. மேலும், வாழும் நகரத்தை ஒருவர் மட்டும் மேலிருந்து அமைப்பதில்லை. அதில் வாழ்வோர் அனைவரும் தரையில் நின்று அமைக்கின்றனர்.

ஆதலால் இவ்விளையாட்டுகள் வீண் என்று ஒதுக்கத்தக்கன அல்ல. வரலாறு என்று நம்பத்தக்கனவும் அல்ல. களஞ்சியம், கிணறு, வழி, உழைப்பு ஆகியன ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன. ஆடி முடித்தவர் மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நன்று: இவ்வாட்டம் எதை எண்ணியது? எதை எண்ணாமல் விட்டது? இவ்விதியை வகுத்தவர் யார்? இவ்வினாக்களை எழுப்பப் பழகியவர், திரையில் எழும் நகரத்தை மட்டுமன்றித் தாம் வாழும் ஊரையும் தெளிந்த கண்ணோடு நோக்குவர்.

சொல்லும் பொருளும்

அகழாய்வு – மண்ணைத் தோண்டிப் பழம்பொருள்களை ஆராய்தல்
கறி – மிளகு
கலம் – கப்பல்
களஞ்சியம் – தானியம் சேமிக்கும் இடம்
காயல் – கடலோடு இணைந்த உப்பங்கழி
தூர்தல் – மண் சேர்ந்து அடைபடுதல்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி
வண்டல் – ஆற்றுவெள்ளம் கொணரும் வளமான மண்

இலக்கணக் குறிப்பு

விளைநிலம், தாழ்நிலம் – வினைத்தொகைகள்
தானியத்தையும் தண்ணீரையும் – எண்ணும்மை
நிறைந்த படகு – பெயரெச்சம்
திரும்பி வந்தனர் – இதில் 'திரும்பி' வினையெச்சம்

மதிப்பீடு

அ) பலவுள் தெரிக

1. சுமேரிய விளையாட்டில் மாணவர் ஆண்ட நகரம்
க) உரோம் ங) லகாசு ச) தோலாவிரா ஞ) முசிறி

2. ஆஞ்சிலி மரத் தோணி கிடைத்த இடம்
க) கீழடி ங) மொகஞ்சதாரோ ச) பட்டணம் ஞ) கொடுங்கல்லூர்

3. நைல் ஆற்றின் வெள்ளத்தை முதன்மையாகக் கொண்ட ஆட்டம்
க) சீசர் ங) எம்பரர் ச) ஹமுராபி ஞ) பாரோ

ஆ) பிரித்து எழுதுக

1. நாளங்காடி 2. அல்லங்காடி 3. பருவக்காற்று 4. தெருவோரம்

(குறிப்பு: 'அல்' என்பதற்கு இரவு என்பது பொருள். மதுரையில் பகற்கடையும் இரவுக்கடையும் இருந்ததை மதுரைக்காஞ்சி கூறுகிறது.)

இ) குறுவினா

1. சீசர் ஆட்டத்தில் களஞ்சியம் நிறைந்திருந்தும் வீடுகள் பசியால் வாடக் காரணம் என்ன?
2. மொகஞ்சதாரோவின் 'பெருங்களஞ்சியம்' என்னும் பெயர் ஐயத்திற்கு உரியதாவது ஏன்?
3. முசிறி வணிகத்தில் தோணிகளின் பங்கு யாது?

ஈ) சிறுவினா

1. "விளையாட்டின் விதி ஒவ்வொன்றும் ஒருவருடைய கருத்தே." ஹமுராபி ஆட்டத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. சிந்துவெளி நகரம் ஒன்றை ஆட்டமாக்குவதில் எழும் இடரை எழுதுக.

உ) நெடுவினா

நகரமைப்பு விளையாட்டுகள் கற்பிப்பனவற்றையும் கற்பிக்கத் தவறுவனவற்றையும் தொகுத்துக் கட்டுரையாக எழுதுக.

கற்பவை கற்றபின்

1. ஹமுராபி ஆட்டத்தின் தொடக்கக் கணக்கைக் கொண்டு, ஏக்கருக்கு 2 புஷல் விளைந்தால் அடுத்த ஆண்டு எத்தனை பேருக்கு உணவளிக்கலாம் எனக் கணக்கிடுக. எலிகள் 200 புஷல் தின்றால் விடை எவ்வாறு மாறும்?

2. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகு கரை சேர்வது முதல் மீன் ஒரு வீட்டின் அடுக்களையை அடைவது வரை பணிபுரிவோரைப் பட்டியலிடுக. அவர்களுள் ஒருவர் ஒருநாள் வராவிடில் நிகழ்வதை ஐந்து தொடர்களில் எழுதுக.

3. குழுவாக இணைந்து, முசிறியை நகரமைப்பு விளையாட்டாக உருவாக்குவதற்கு ஐந்து விதிகளை வகுக்க. ஒவ்வொரு விதிக்கும் பாடத்திலிருந்து சான்று காட்டுக. சான்று இல்லாத விதியைக் 'கற்பனை' எனக் குறிக்க.